அந்தக் குரலை மாற்றிவிட்டாயா?

தஞ்சாவூர்
12 ஜூன் 2022

அன்புள்ள அபி,

போனில் பேசினால் "சரி, பாக்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் மெயில். கடைசி வரை படி.

வேலையை விட்டுவிட்டேன். சிரிக்காதே. மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு பேக்கரிக்கு மாடியில் அறை பிடித்திருக்கிறேன். பெயர் 'பாய்மரம் கேம்ஸ்'. நாங்கள் கேம் செய்யப்போவதில்லை, வெளியிடப்போகிறோம். சினிமாவுக்கு விநியோகஸ்தர் இருக்கிறாரே, அந்த மாதிரி. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அறையில் உட்கார்ந்து கேம் செய்துவிட்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் அழித்துவிடுகிறார்கள்! அவர்களுக்கு நாங்கள். இப்போதைக்கு 'நாங்கள்' என்றால் நானும், சத்தத்துக்கு நௌஷாத்தும். நம் காலேஜில் எல்லா விழாவுக்கும் மைக் கட்டுவானே, அவனேதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வருஷம் நீ செய்து காட்டினாயே, ஒரு பெண் கடற்கரையில் நடந்து நடந்து விளக்கு ஏற்றுவாள், தூரத்தில் தடுமாறும் படகு அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கரைக்கு வரும். அதை எங்களுக்குக் கொடு. முதல் கேம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதை நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் அப்பா பஞ்சநாதன் மாமா எங்கள் வாப்பா கடையில்தான் கயிறும் வலையும் வாங்குவார். அந்த ஐப்பசியில் அவர் கடலிலிருந்து திரும்பவில்லை என்று தெரிந்த அன்று வாப்பா கடை திறக்கவில்லை. நீ அந்தக் கேமைப் பற்றி அதிகம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. கேமை மட்டும்தான் கேட்கிறேன்.

பதில் போடு. "பாக்கலாம்" என்று போடாதே.

ஜாபிர்


பெங்களூரு
26 ஜூன் 2022

ஜாபிர்,

ரெண்டு வாரம் யோசிச்சேன். தர்றேன்.

ஆனா நான் இங்க வேலையை விடமாட்டேன். ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும்தான் செய்வேன். கேம் பேரு 'கரை விளக்கு'. அதை மாத்தக்கூடாது. அந்தப் பொண்ணுக்கு அழகான முகம் வேணும்னு யாராவது கேட்டா என் பக்கம் அனுப்பாதே.

அடுத்தது எழுத கஷ்டமா இருக்கு.

கடைசிக் கட்டத்துல படகுலேர்ந்து ஒரு மனுஷன் பேசணும். பயந்துபோனவன், ஆனா பயத்தைக் காட்டிக்காதவன். எப்படிப் பேசணும்னு எழுதிக் காட்ட எனக்குத் தெரியல. அதனால ஒரு ஆடியோ அனுப்பறேன். அன்னிக்கு அப்பா எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ். நௌஷாத் கேட்டுட்டு, அதே மாதிரி பேசற ஒருத்தரைப் பிடிக்கட்டும். கேட்டதும் அழிச்சிடணும். இது என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அம்மாவுக்குக்கூட நான் போட்டுக் காட்டினதில்ல. ஏன்னு கேக்காதே.

அபிநயா


தஞ்சாவூர்
3 பிப்ரவரி 2023

அன்புள்ள அபி,

முழு கேமும் ஓடுகிற முதல் பதிப்பை அனுப்பியிருக்கிறேன். விளையாடிப் பார்.

பேக்கரிக்காரர் மகள் ஃபஹ்மிதாவை உட்கார வைத்து விளையாடச் சொன்னோம். எப்போதும் வாய் ஓயாத பெண். கடைசிக் கட்டம் வந்ததும் பேச்சே இல்லை. படகு கரை தட்டியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். பிறகு அவள் அப்பா வந்து "பிள்ளைய என்னடா பண்ணினீங்க?" என்று கேட்டார். அப்போதே தெரிந்துவிட்டது, இது நிற்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைசிக் கட்டத்தில் இப்போதைக்கு உங்கள் அப்பா குரலே இருக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று பார்க்க நௌஷாத் வைத்தான். தற்காலிகம்தான். ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஜாபிர்


பெங்களூரு
9 பிப்ரவரி 2023

ஜாபிர்,

நல்லா வந்திருக்கு. தண்ணி ரொம்ப நீலமா இருக்கு. நம்ம கடல் அப்படி இருக்காது, சேறு கலந்த நிறம். அதை நான் சரிபண்றேன்.

கடைசிக் கட்டம் பாதியிலேயே ஹெட்போனைக் கழட்டிட்டேன். ஆபீஸ்ல பக்கத்துல இருந்த பொண்ணு "உடம்பு சரியில்லயா"ன்னு கேட்டா.

மாத்திடு. வெளியிடறதுக்கு முன்னாடி மாத்திடு. அவ்வளவுதான் கேக்கறேன்.

அபிநயா


தஞ்சாவூர்
21 ஆகஸ்ட் 2023

அபி! அபி! அபி!

நீ பார்த்திருப்பாய், ஆனாலும் நான் எழுதிவிடுகிறேன். வெளியிட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜப்பானிலிருந்து ஒரு ஆள் தமிழ் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து "நன்றி" என்று அனுப்பியிருக்கிறார். போலந்தில் ஒரு விழாவில் பரிசுக்குத் தேர்வாகியிருக்கிறது. எங்கள் தெருவில் என்னை 'வேலையை விட்ட பையன்' என்றவர்கள் எல்லாம் இப்போது "கேம் கம்பெனி மொதலாளி" என்கிறார்கள். வாப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனைத் திறந்து காட்டுகிறார். அவருக்கு விளையாடத் தெரியாது, படத்தை மட்டும் காட்டுகிறார்.

மயிலாடுதுறையிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் தங்கள் கேமை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வேளாங்கண்ணியிலிருந்து ஒரு பெண். எல்லோரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாய்மரத்தில் காற்று பிடித்துவிட்டது.

குரல் விஷயமெல்லாம் நௌஷாத் பார்த்துக்கொள்கிறான். நீ எதையும் யோசிக்காதே. அடுத்த கேமை யோசி.

ஜாபிர்


பெங்களூரு
2 செப்டம்பர் 2023

ஜாபிர்,

சந்தோஷம். நிஜமாவே. அம்மாகிட்ட சொன்னேன், "படம் வரைஞ்சதுக்குப் பரிசா"ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.

வெளிவந்த கேமை நான் ரெண்டாவது கட்டத்துக்கு மேல விளையாடல. முடியல. அதனால உன்கிட்டயே கேக்கறேன். "பார்த்துக்கொள்கிறான்"னு எழுதியிருக்கே. பார்த்துட்டானா, பாத்துக்கிட்டே இருக்கானா?

அந்தக் குரலை மாத்திட்டியா? ஆமாவா இல்லயா?

அபிநயா


தஞ்சாவூர்
4 செப்டம்பர் 2023

மாற்றியாகிவிட்டது.

ஜாபிர்


தஞ்சாவூர்
17 மார்ச் 2024

அன்புள்ள அபி,

புதிய அலுவலகம். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் பெயர்ப்பலகை. பேக்கரி வாசனைதான் இல்லை. சென்னையிலிருந்து முதலீட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் சார்பில் பரணிதரன் என்று ஒருவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றையும் வரைபடமாகத்தான் பார்ப்பார்.

அவர் ஒரு வரைபடம் காட்டினார். 'கரை விளக்கு' விளையாடுகிறவர்கள் அதிகமாகத் திரும்பத் திரும்ப வருவது கடைசிக் கட்டத்துக்குத்தான். தோற்றாலும் விடமாட்டேன் என்கிறார்கள். "அந்த இடத்தில் ஏதாவது விற்காமல் இருப்பது முட்டாள்தனம்" என்றார். அதனால் அடுத்த மாதம் ஒரு சின்ன மாற்றம். காற்றைக் கொஞ்சம் கடுமையாக்குகிறோம். கூடுதல் விளக்கு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம். வேண்டாதவர்கள் பழையபடி முயற்சி செய்யலாம்.

உனக்கு உடனே பிடிக்காது என்று தெரியும். ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேமெல்லாம் வெளிவர வேண்டும் என்றால் இந்த ஒன்று ஓட வேண்டும்.

ஜாபிர்


பெங்களூரு
20 ஏப்ரல் 2024

ஜாபிர்,

சின்ன மாற்றமா? கூட வேலை பாக்கற ஒருத்தர் நேத்து வந்து சொன்னார்: "உங்க கேம்ல இப்போ காசு கட்டாம அந்த ஆளைக் காப்பாத்தவே முடியல." எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல.

கடல்ல ஒரு மனுஷன் தத்தளிக்கிறான், கரையில நின்னு வெளிச்சத்துக்கு விலை சொல்றீங்க. இதை நீ வாசிக்கும்போது பரணிதரன் பேரைச் சொல்லாதே. கம்பெனி உன்னோடது.

அடுத்த கேம் கிடையாது. போன் பண்ணாதே, எடுக்கமாட்டேன். என் பேரைக் கேம்லேர்ந்து எடுத்துடு.

அபிநயா


பெங்களூரு
8 ஜூலை 2024

ஜாபிருக்கு,

நேத்து ஊர்லேர்ந்து போன் வந்தது. அம்மா பேசல. பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அக்கா பேசினாங்க.

அம்மா பட்டுக்கோட்டையில மீன் வித்துட்டு பஸ்ல திரும்பி வந்திருக்காங்க. பக்கத்து சீட்டுல ஒரு காலேஜ் பொண்ணு, ஹெட்போன் இல்லாம கேம் விளையாடிக்கிட்டு வந்திருக்கு. அப்போ அந்தப் போன்லேர்ந்து அப்பா பேசியிருக்கார்.

"பாப்பா, காத்து திரும்பிடுச்சு. கரை வெளிச்சம் எதுவும் தெரியல. அம்மாகிட்ட பயப்படவேணாம்னு சொல்லு. சோத்தை மூடி வைக்கச் சொல்லு. வந்துடுவேன்."

அம்மா அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சு, "யாரும்மா இது, எங்கேருந்து பேசறாரு?"ன்னு கேட்டிருக்காங்க. அது, "கேம்ங்கம்மா. காசு கட்டி விளக்கு வாங்கினாத்தான் இவர் கரைக்கு வருவார், இல்லன்னா மூழ்கிடுவார்"னு சொல்லியிருக்கு.

நீ எனக்கு "மாற்றியாகிவிட்டது"ன்னு எழுதின மெயிலை இன்னிக்குத் திறந்து பாத்தேன். ரெண்டே வார்த்தை, உன் பேரோட. ஒரு பொய்யை எழுதி அடியில கையெழுத்தும் போட முடிஞ்சிருக்கு உனக்கு.

ராத்திரி அம்மாகிட்ட பேசினேன். அது என் கேம், குரலைக் குடுத்தது நான்தான்னு சொன்னேன். அழுவாங்கன்னு நினைச்சேன். அழல. "அவரு எனக்குச் சொன்ன சேதி அது. அதை ஊருக்கெல்லாம் குடுத்திருக்கே. எனக்கு மட்டும் குடுக்கல"ன்னாங்க. அப்புறம் போனை வச்சுட்டாங்க.

அப்பா அதை அனுப்பின அன்னிக்கு நான் காலேஜ் லேப்ல இருந்தேன். போன் சைலன்ட்ல பையில கிடந்தது. அம்மாகிட்ட சாதா போன், அதனாலதான் அப்பா எனக்கு அனுப்பினார். சாயங்காலம் பாத்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. "நேரத்தோட ஏன் பாக்கல"ன்னு அம்மா கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்து வச்சுக்கிட்டேன். அப்புறம் வருஷம் போகப்போக, இத்தனை நாள் ஏன் தரலன்னு கேப்பாங்களேன்னு பயம்.

உன்னைத் திட்ட ஆரம்பிச்சேன். பாதியிலேயே நின்னுபோச்சு பாரு.

கேமை இன்னிக்கே எடு.

அபிநயா


தஞ்சாவூர்
10 ஜூலை 2024

அபி,

மூன்று பேரைப் பேச வைத்தோம். மூன்றும் நடிப்பாக இருந்தது. உங்கள் அப்பா குரலை வைத்தபோது மட்டும் கேட்கிறவர்கள் அமைதியாகிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று தள்ளினேன். நௌஷாத் ஒவ்வொரு வாரமும் கேட்டான். கடைசியில் அவனிடம் "அபி சம்மதித்துவிட்டாள்" என்று சொன்னேன். அவன் மேல் தப்பில்லை.

கேமை எடுக்க முதலீட்டுக்காரர்களின் ஒப்புதல் வேண்டும். மயிலாடுதுறைப் பையன்களின் கேம் இந்த மாதக் கடைசியில் வருகிறது. இப்போது எடுத்தால் அதுவும் சேர்ந்து போகும். குரலை மட்டும் உடனே மாற்றிவிடுகிறோம். கொஞ்சம் அவகாசம் கொடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜாபிர்


அதிராம்பட்டினம்
19 ஜூலை 2024

ஜாபிர்,

லீவு போட்டு ஊருக்கு வந்துட்டேன். கேம் இன்னும் இருக்கு. குரலும் இருக்கு. நேத்து நானே பாத்தேன்.

உங்க வாப்பா எங்க வீட்டுக்கு வந்தார். வாசல்ல நின்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "பஞ்சநாதன் குரலு எனக்குத் தெரியாதாம்மா? இத்தனை நாளா அந்தப் போனைத்தான் எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டிருந்தேன், ஒரு தடவை போட்டுக் கேட்டிருந்தா..."ன்னார். அப்படியே திரும்பிப் போயிட்டார். அம்மா உள்ளேயே உக்காந்திருந்தாங்க.

எங்க தெரு பஞ்சாயத்துல நாளைக்குக் கூடறாங்க. நான் தடுக்கமாட்டேன்.

அபிநயா


தஞ்சாவூர்
24 நவம்பர் 2024

அபிநயாவுக்கு,

நீ பெங்களூரு திரும்பிவிட்டாய் என்று நௌஷாத் சொன்னான். இதைப் படிக்காமல் அழித்தாலும் சரி.

பாய்மரம் மூடியாகிவிட்டது. உங்கள் தெருக்காரர்கள் புகார் கொடுத்து, அது செய்தியான அன்றுதான் கேமை எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. அதற்கு முன்பே ஆப் ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஜப்பானிலிருந்து "நன்றி" எழுதிய அதே ஆள் மறுபடி எழுதினார். "நிஜமாகவே இறந்த மனிதரா? நான் அவரைப் பலமுறை மூழ்கவிட்டிருக்கிறேனே" என்று.

சென்னைக்காரர்கள் விலகினார்கள். வேளாங்கண்ணிப் பெண் தன் கேமை வாங்கிக்கொண்டு போனாள். மயிலாடுதுறைத் தம்பி மட்டும், "எங்க கேம்லயும் ஏதாவது இப்படிச் செஞ்சு வச்சிருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டான். இல்லை என்றேன். நம்பவில்லை. கம்ப்யூட்டர்களை லோடு ஆட்டோவில் ஏற்றியபோது பேக்கரிக்காரர் அந்தப் பக்கமாக வந்தவர், தெரியாதவர் மாதிரி போய்விட்டார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் கேட்காமல்தான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

மத்தியானம். உன் அம்மா வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளியே நின்றேன்.

"மஜீது பாய் மவனா?" என்றார்கள்.

"ஆமாங்கம்மா. என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். வழியெல்லாம் பெரிதாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் இவ்வளவுதான் வந்தது.

மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு சொன்னார்கள். உனக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு பஸ்ஸுல அந்தப் பொண்ணுகிட்ட, மீன் வித்த காசு மடியில இருந்துச்சே, எல்லாத்தையும் அவுத்து நீட்டுனேன் தம்பி. 'இதைக் கட்டும்மா, வெளக்கு வாங்கும்மா'ன்னேன். அது பயந்துபோயி, 'அம்மா, இது வெறும் கேம்தாம்மா'ன்னுச்சு. வெறும் கேமுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் நீட்டுனேன்."

உட்காரத் தைரியமில்லாமல் நின்றுகொண்டே இருந்தேன், அபி.

"அப்பறம்?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அப்பறம் என்ன, ஊரு வந்துருச்சு. எறங்கிட்டேன்" என்றார்கள்.

இத்தனை மாதமாக என் மனதுக்குள் நான் வைத்திருந்த சமாதானங்கள் நிறைய. பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தேன், முதலீட்டுக்காரர்கள் நெருக்கினார்கள், நல்ல கலைக்காகத்தான் குரலை வைத்தேன். அந்த வாசலில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. காற்றைக் கடுமையாக்கச் சொன்னது பரணிதரன்தான். சரி என்று பொத்தானை அழுத்தியது நான்.

இப்போது கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊருக்குப் போனால் வாப்பா என்னோடு சாப்பிட உட்காருகிறார், பேசுவதில்லை. உங்கள் அப்பாவின் ஆடியோ எங்களிடம் இருந்த எல்லா இடத்திலிருந்தும் அழித்தாகிவிட்டது. நான் சொன்னால் நீ நம்ப வேண்டியதில்லை. நௌஷாத் கூடவே இருந்து பார்த்தான், அவனிடம் கேட்டுக்கொள்.

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை.

ஜாபிர்


அதிராம்பட்டினம்
15 டிசம்பர் 2024

ஜாபிர்,

காசு நீட்டினது எனக்குத் தெரியாது. தங்கம்மாள் அக்காவுக்கும் தெரியாது. உன்கிட்டதான் சொல்லியிருக்காங்க. உன் மெயிலைப் படிச்சுட்டு அந்த வாரமே கிளம்பி வந்தேன்.

ஜூலையில வந்தப்போ அம்மா அந்த ஆடியோவைக் கேக்கவே இல்ல. நானும் குடுக்கல, அவங்களா கேக்கட்டும்னு இருந்தேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான். இந்தத் தடவை பஸ்லேர்ந்து இறங்கி, பையைக்கூட வைக்காம, போனை எடுத்து அவங்க கையில குடுத்தேன். "அப்பா உனக்குச் சொன்னது. அன்னிக்கே குடுத்திருக்கணும்மா"ன்னேன். அம்மா காதோட ஒட்டி வச்சுக் கேட்டாங்க. முடிஞ்சதும், "மறுபடியும் எப்படிப் போடறது?"ன்னு கேட்டாங்க. காட்டினேன். அதுக்கப்புறம் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

மூணு நாள் என்கூட சரியா பேசல. எனக்கு அது வேண்டியதுதான். நாலாவது நாள் தலைக்கு எண்ணெய் வச்சு விட்டாங்க.

நேத்து உன் மெயிலை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். எதையும் விடல, பேக்கரிக்காரர் முகம் திருப்பினதைக்கூட. அப்புறம் "அந்தப் புள்ளைக்கு ஒரு சேதி எழுது"ன்னாங்க. எழுதறேன். நான் எதையும் சேக்கல, எதையும் குறைக்கல:

"கோவம் போகல. போவுமான்னும் தெரியல. ஆனா உச்சி வெயில்ல வந்த புள்ளைய நிக்க வச்சே பேசிட்டேன். உள்ள வான்னு சொல்லல, ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கல. பகையாளியா இருந்தாலும் எங்க வீட்டுல அப்படிச் செய்யமாட்டோம். அதை நெனச்சா எனக்கு வெக்கமா இருக்கு."

அபிநயா